இங்கிலாந்தில் வீட்டு ஹீட்டிங்கை எப்படி செட் செய்தால் பில்லும் குறையும், குளிரும் தெரியாது?

காம்பி பாய்லர் (குழாய் வெந்நீருக்கும் அறை ரேடியேட்டர்களுக்கும் ஒரே பாய்லர், தனி வெந்நீர்த் தொட்டி கிடையாது) உள்ள வாடகை வீடு, தெர்மோஸ்டாட்டை 25 டிகிரியில் வைத்தும் வீடு சூடாக நேரமாகிறது, கேஸ் பில் மட்டும் எகிறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லீட்ஸில் எங்கள் முதல் குளிர்காலமும் இப்படித்தான் போனது.

முதலில் அந்த 25-ஐ இறக்குங்கள். பழைய ஏ.சி.யை 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று ஊரில் நினைப்போமே, அதே தப்புதான். சாதாரண தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்: வைத்த சூட்டைத் தொடும்வரை பாய்லரை எரியவிடும், தொட்டதும் அணைக்கும். 25-ல் வைத்தாலும் 20-ஐத் தொட அதே நேரம்தான் ஆகும், தொட்ட பிறகும் நிற்காமல் எரியும். எங்கள் வீட்டில் பகலில் 19, தூங்கும்போது 16. அம்மா வந்திருந்த மூன்று மாதம் மட்டும் 21. அதில் பேச்சுக்கே இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 18-ஐக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது, வயதானவர்கள் இருந்தால் பகலில் அதற்குக் கீழே போகாதீர்கள்.

பலர் தொட்டுக்கூடப் பார்க்காத இடம் பாய்லரின் முகப்பு. அங்கே இரண்டு திருகோ பட்டனோ இருக்கும்: ஒன்றில் குழாய்ப் படம், இன்னொன்றில் ரேடியேட்டர் படம். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு இரண்டாவதில் இருக்கிறது. எங்களுடையது 75-ல் இருந்தது, 60-க்கு இறக்கினேன். 2022 குளிர்காலத்தில் அரசாங்கமே காம்பி வைத்திருப்பவர்களுக்குச் சொன்ன யோசனை இது.

காரணம் இருக்கிறது. 2005-க்குப் பிறகு இங்கே பொருத்தியவை பெரும்பாலும் கண்டென்சிங் பாய்லர்கள். கேஸ் எரிந்து வரும் புகையில் நீராவி நிறைய உண்டு. ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகி, தன் சூட்டை விட்டுக் கொடுக்கும். 75-ல் அனுப்பினால் திரும்புவதும் சூடாகவே வரும். காசு புகைக்குழாய் வழியே தெருவுக்குப் போகும். மாற்றிய பிறகு பாய்லரிலிருந்து வெளியே போகும் பிளாஸ்டிக் குழாயைப் போய்ப் பார்த்தேன், ஏ.சி. டியூப் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் கை பொசுக்குகிற சூடு இருக்காது, வீடு சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரமும் ஆகும். அதனால் காலை டைமரை அரை மணி முன்னால் தள்ளினேன். கடுங்குளிரில் போதவில்லை என்றால் 65-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

வெந்நீர் சிலிண்டர் உள்ள வீடாக இருந்தால் இப்படி இஷ்டத்துக்கு இறக்கக் கூடாது. சேமித்து வைக்கும் தண்ணீர் 60-க்குக் குறைந்தால் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

இனி என் முட்டாள்தனம். தெர்மோஸ்டாட் எங்களுக்கு வாசலையொட்டிய நடையில் இருக்கிறது, நம் ஊர் ரேழி மாதிரி இடம். யாரும் உட்காராத இடத்துக்கு எதற்கு ரேடியேட்டர் என்று அதை மூடி வைத்தேன். ரேழி 17-ஐத் தாண்டவே இல்லை. தெர்மோஸ்டாட்டுக்கு என்ன தெரியும், வீடே குளிர்கிறது என்று நினைத்து பாய்லரை எரித்துக்கொண்டே இருந்தது. வருடாந்திர சர்வீஸுக்கு வந்தவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து அந்தத் திருகை முழுசாகத் திறந்துவிட்டுப் போனார். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டரைத் திறந்தே வையுங்கள். மற்ற அறை ரேடியேட்டர்களில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும்: கூடத்துக்கு 3, படுக்கையறைக்கு 2, ஆள் இல்லாத அறைக்கு 1. அடியோடு மூடினால் சுவரில் பூஞ்சை வரும்.

பூஞ்சை என்றதும் ஒன்று: துணியை ரேடியேட்டர் மேல் காயப்போடாதீர்கள். சாம்பார் கொதிக்கும்போது, குளித்த பிறகு, பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள். அதில் வீணாகும் சூடு கொஞ்சம்தான்.

பின் அறை ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் சில்லென்று இருப்பதாகக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, மேல் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை அதற்கான சாவியால் கால் சுற்று திருப்புங்கள். உஸ் என்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரில் தண்ணீரின் அழுத்தம் 1-க்கும் 1.5 பாருக்கும் (bar, அழுத்தத்தின் அலகு) இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். வருகிற தண்ணீர் மை மாதிரி கறுப்பாக இருக்கலாம். வாடகை வீட்டுக் கார்ப்பெட், பழைய துணி ஒன்றைக் கீழே போட்டுவிட்டுத் திருகுங்கள்.