எத்தனை குட்டி என்பது எப்போது முடிவாகிறது?

கேள்வி: என்னுடைய பன்னிரண்டு பெட்டை ஆடுகளும் ஆளுக்கொரு மாதத்தில் ஈனுகின்றன. ஒரே சமயத்தில் ஈன வைக்க முடியுமா? எத்தனை குட்டி என்பதை வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாமா?

பதில்: வயிற்றை நம்பாதீர்கள். நார்த்தீவனம் நிறையத் தின்னும் ஆட்டுக்கு இரைப்பை பெருத்து இடது பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒற்றைக் குட்டி சுமந்தாலும் இரட்டை போலத் தெரியும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், இணை சேர்ந்த 45 நாளுக்கு மேல், 90 நாளுக்குள் ஸ்கேன் செய்து பாருங்கள். அதற்குப் பிறகு குட்டிகள் பெரிதாகிவிடுவதால் எண்ணுவது சிரமம்.

ஆனால் எண்ணிக்கை அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆடு கிடாவைத் தேடும் பருவத்தில் எத்தனை கருமுட்டைகள் வெளியாகின்றனவோ, அதற்கு மேல் குட்டி கிடைப்பது மிக அரிது. சினை பிடித்த பிறகு தீவனத்தைக் கொட்டி ஒற்றையை இரட்டையாக்க முடியாது. இரட்டையில் பிறந்த கிடாவை வாங்கினால் இந்த ஈற்றிலேயே பலன் வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அந்தக் குணம் அதன் பெண் குட்டிகள் வளர்ந்து ஈனும்போதுதான் தெரியும்.

அதனால் உங்கள் உழைப்பை இணை சேர்ப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் போடுங்கள். வழக்கமான தீவனத்தோடு தினமும் 200 முதல் 300 கிராம் அடர்தீவனம் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) கொடுங்கள். இணை சேர்ந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். சற்று மெலிந்த ஆடுகளிடம் இதன் பலன் நன்றாகத் தெரியும். ஏற்கெனவே கொழுத்தவற்றுக்கு வீண் செலவுதான். தலைஈற்றில் பெரும்பாலும் ஒற்றைதான் வரும், அதை வைத்து ஆட்டைக் கழித்துவிடாதீர்கள்.

சரி, ஒரே சமயத்தில் ஈன வைப்பதற்கு வருவோம். பருவம் சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒன்று ஒன்றரை நாள் நீடிக்கும். கிடாவைப் பார்வைக்கும் வாடைக்கும் எட்டாமல் ஒரு மாதம் தள்ளி வைத்து, அப்புறம் மந்தையில் விடுங்கள். பருவத்துக்கு வராமல் இருந்த ஆடுகள்கூட ஒன்றிரண்டு வாரத்தில் வாலை ஆட்டத் தொடங்கும். 45 நாள், அதாவது இரண்டு சுற்று முடிந்ததும் கிடாவைப் பிரித்துவிடுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள் என்பதால், ஈற்றுகளும் ஒன்றரை மாதத்துக்குள் அடங்கும். இணை சேர்ந்த தேதியை எழுதி வையுங்கள். 21 நாள் கழித்து மறுபடி பருவம் வந்தால் சினை நிற்கவில்லை.

ஸ்கேனில் இரட்டை, மூன்று என்று தெரிந்த ஆடுகளைக் கடைசி ஆறு வாரம் தனியாகக் கவனியுங்கள். குட்டிகள் வேகமாக வளரும் காலம் அது. வயிற்றில் இடம் குறைவதால் ஆட்டால் நிறையத் தின்ன முடியாது. அடர்தீவனத்தை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தீவனத்தைத் தொடாமல் சோர்ந்து ஒதுங்கி நின்றால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தாமதித்தால் தாயும் குட்டிகளும் சேர்ந்தே போய்விடும். மூன்று குட்டி பிறந்தால் காம்பு இரண்டுதான். மெலிந்த குட்டியைக் கையில் எடுத்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள்.