ஒரே எழுத்து, இரண்டு விமானங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் முன் ஏழு பேர் நிற்கும் பழைய புகைப்படம் என்னிடம் உள்ளது. பின்புறத்தில் படையணியின் எண்ணும், ‘நவம்பர் 1943’ என்ற குறிப்பும், நேவிகேட்டரின் பெயரும் இருக்கின்றன. விமானத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து தெரிகிறது. அப்படையணியின் ‘எஸ்’ விமானம் 1943இல் வீழ்ந்ததாக ஓரிடத்திலும், 1944இல் பறந்ததாக வேறோரிடத்திலும் படித்தேன். எதை நம்புவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அந்த எழுத்து படையணிக்குள் வழங்கிய அடையாளம் மட்டுமே; ஒரு விமானம் திரும்பாவிட்டால் அதற்குப் பதிலாக வருவதன் மேல் அதே எழுத்தைத் தீட்டிவிடுவார்கள். லண்டனில் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லான்காஸ்டர், 83ஆம் படையணியில் ‘கியூ’வாக இருந்து, 467ஆம் படையணிக்குச் சென்றபின் ‘எஸ்’ ஆனது. கடைசிவரை மாறாதிருந்தது ஆர்5868 என்ற வரிசை எண்தான்.

உங்கள் படத்திலும் அந்த எண்ணைத்தான் தேட வேண்டும். உடலின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று முன்னால் அதை எழுதுவது வழக்கம். கறுப்புச் சாயத்தின் மேல் மங்கிய சிவப்பில் இருப்பதால் கறுப்பு வெள்ளைப் படத்தில் எளிதில் கண்ணுக்குப் படாது. உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள்.

எண் தெரியாவிட்டால் நேவிகேட்டரின் பெயரிலிருந்து தொடங்குங்கள். லண்டனின் கியூ என்ற பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் படையணிகளின் செயல்பாட்டுப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் படிவம் 541, ஒவ்வொரு பயணத்துக்கும் விமானத்தின் எண், குழுவினரின் பெயர்கள், புறப்பட்ட நேரம், தரையிறங்கிய நேரம் ஆகியவற்றைத் தருகிறது. ஆனால் அது அலுவலகத்தில் தட்டச்சு செய்யப்பட்ட தாள். இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்ததால் நானே மூன்று மாதம் வேறொரு விமானத்தின் பின்னால் அலைந்திருக்கிறேன். குழுவினரில் எவருடைய பறப்புக் குறிப்பேடாவது கிடைத்தால் அதனுடன் தேதி வாரியாக ஒப்பிடுங்கள்.

படத்தில் நிற்கும் எழுவரும் அந்த விமானத்திலேயே எப்போதும் பறந்தார்கள் என்றும் கொள்ளாதீர்கள். தங்கள் விமானம் பழுதுபார்ப்பில் இருந்தால் வேறொன்றில் போவார்கள். ஒருவர் நோயுற்றால் இன்னொரு குழுவிலிருந்து ஆள் வருவார். ஆகவே நவம்பருக்கு முன்னும் பின்னும் சில மாதங்களின் தாள்களையும் சேர்த்துப் படியுங்கள். எந்த இரவிலாவது தரையிறங்கிய நேரம் நிரப்பப்படாமல் இருந்தால், அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவுகளை.