லண்டன் டிகிரியா, விசிலா: ஹட்டன் பக்கத்துத் தாயார் ஒருவருக்கு

அக்கா,

போன கிழமை நீங்கள் இருந்த நிலைமையில் கணக்குப் பேச மனம் வரவில்லை. "பார்க்கலாம், பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். இப்போது நீங்கள் விட்டுப்போன ஃபைலை முழுதாகப் படித்துவிட்டேன். இனி ஆறுதல் பேச்சு இல்லை. உங்கள் சம்மதத்தோடு, பெயரும் தோட்டமும் சொல்லாமல், மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்காகச் சுருக்கம்: அக்காவின் மகனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன், அவருக்கு 19 வயது. உயர்தரத்தில் கலைப்பிரிவு, மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தி. டவுன் உதைபந்தாட்டக் கிளப் ஒன்றுக்கு லெஃப்ட் பேக்காக (இடப்பக்கத் தடுப்பு ஆட்டக்காரராக) லீக்கின் கீழ்ப் பிரிவில் ஆடுகிறார். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார், தமிழ். அப்பா கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர், பஸ் சாரதி. லண்டனில் இருக்கும் தாய்மாமா ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார்: கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் முதல் வருஷம், மிச்சம் லண்டனில், வியாபார முகாமைத்துவ டிகிரி. போன கையோடு அங்கே ஏதாவது சின்ன கிளப்பில் ஆடிச் சம்பாதிக்கலாமாம். அப்பாவின் அண்ணன் பொலிஸில் சேரச் சொல்கிறார்; அவரைத் தம்பி கூப்பிடுவது லொக்கு தாத்தா என்று, சிங்களத்தில் பெரியப்பா. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்டதாக ஃபைலில் இல்லை.

மாமாவின் திட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். பிரித்தானிய மாணவர் விசாவில் போகிறவர் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக்கூடாது. அரைத் தொழில்முறைக் கிளப்பில் ஆடுவதும் அந்தத் தடைக்குள் அடங்கும், காசு வாங்காமல் ஆடினாலும் சரி. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவிலும் இதே நிபந்தனை உண்டு. அப்படியென்றால் மாமா சொல்லும் "சின்ன கிளப்" சம்பளம், விசாவை இழக்க வைக்கிற சம்பளம். விளையாட்டு வீரர் விசா என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கு இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும். தரவரிசையில் முன்னால் நிற்கும் நாடுகளுக்கும் பெரிய லீக்குகளுக்கும் ஆடியவர்களுக்குத்தான் அங்கே புள்ளி. நம் நாடு பீபா தரவரிசையில் 200-ஐ ஒட்டிக் கிடக்கிறது. நம் தம்பியோ தேசிய அணிக்கே ஆடியதில்லை.

"எங்கள் ஆட்கள் அங்கே ஆடுகிறார்களே" என்று மாமா இரண்டு யூரியூப் வீடியோக்களும் அனுப்பியிருக்கிறார். பார்த்தேன். லண்டனில் பிறந்த டிலோன் டி சில்வா, ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கம்மர்க்னெக்ட் போன்றவர்கள் இலங்கை அணிக்கு ஆடுவது உண்மைதான். டி சில்வா குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் இளையோர் அணியில் வளர்ந்து, இங்கிலாந்தின் கீழ் அடுக்குகளில் ஆடியவர். கம்மர்க்னெக்ட் ஜெர்மனியின் மூன்றாம் லீக்கில் டைனமோ ட்ரெஸ்டனுக்கு ஆடியவர். இரண்டு வேர் உள்ள பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் வந்த பாதை அங்கிருந்து இங்கே. பிறந்த இடமும் கடவுச்சீட்டும் பயிற்சியும் ஐரோப்பாவில், அம்மா அப்பாவின் வேர் இலங்கையில். உங்கள் மகனுக்கும் இரண்டு வேர் உண்டு, இரண்டும் இந்த மலைக்குள்ளேயே இருக்கிறது. விமான நிலையத்தில் அதற்கு மதிப்பில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு நாட்டின் குடியுரிமையும், அந்த மண்ணில் பிறந்த பாட்டன் பாட்டி ஒருவரும் இருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம் என்பது பீபா விதி. நம் மலையகத் தமிழ்ப் பாட்டிமார் இந்த மண்ணில்தான் பிறந்தார்கள். ஆனாலும் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கணக்கு 2003 வரை முழுதாகத் தீரவில்லை. வெளிநாட்டில் பிறந்த பேரன் பாட்டியின் பிறப்பைக் காட்டி அணிக்குள் வருவதைப் பார்க்கும்போது, எங்கள் பாட்டியின் பிறப்புப் பத்திரத்துக்கு ஒரு காலத்தில் என்ன பெறுமதி இருந்தது என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காசு. கொழும்பு முதல் வருஷத்துக்கும் முகவர் கட்டணத்துக்குமாக 18 இலட்சம் கேட்டிருக்கிறார்கள். லண்டன் செலவு அதற்குமேல். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் 18 இலட்சம் என்பது 1,333 நாள் கொழுந்து. மாதம் 25 நாள் வேலை கிடைத்துப் பெயர் விழுந்தாலும், உப்புப் புளிகூட வாங்காமல் நான்கரை வருஷம். நகை அடகு என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருஷம் ஐம்பது வயதாகிறது, ஈபீஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காசை எடுக்க வேண்டுமென்றால் வேலையை விட்டு நிற்க வேண்டும். சம்பளமும் போய், சேமிப்பும் போய், லயத்தில் உட்கார்ந்து மாமாவின் போனுக்குக் காத்திருக்கப் போகிறீர்களா? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அக்கா. ஈபீஎஃப் காசில் கை வைக்கக் கூடாது. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். முற்பணம் என்று ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியாபார முகாமைத்துவம் நல்ல படிப்புதான், அதை விரும்புகிற பிள்ளைக்கு. உங்கள் மகன் என்னிடம் பேசிய ஒரு மணி நேரத்தில் வியாபாரம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

அவர் என்ன பேசினார் என்று சொல்கிறேன். நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தீர்கள். கடைசியாக ஆடிய ஆட்டம் என்ன ஆனது என்று கேட்டேன். தோற்றுவிட்டோம், எங்கள் கோல் ஒன்றை ஓஃப்சைட் என்று றெஃப்ரி ரத்துச் செய்துவிட்டார் என்றார். எல்லாப் பையன்களும் சொல்வதுபோல அடுத்தது "றெஃப்ரி கள்ளன்" என்று வரும் என்று பார்த்தேன். தம்பி என் மேசையில் இருந்த ஸ்டாப்லரை எடுத்து விளிம்பில் வைத்தார்: இது கோல் கோட்டில் நின்ற அவர்களுடைய டிஃபெண்டர். கண்ணாடிக் கூட்டை முன்னால் தள்ளினார்: இது வெளியே ஓடிவந்த கோல் கீப்பர். இரண்டுக்கும் நடுவில் என் பேனா: எங்கள் ஸ்ட்ரைக்கர். "ஒரு ஆள் பின்னால் நிற்கிறாரே என்று எங்கள் ஆட்கள் எல்லாம் கத்தினார்கள் சேர். கடைசிக்கு முந்தின ஆளைத்தான் பார்க்க வேண்டும். கீப்பர் வெளியே வந்துவிட்டதால் அந்த ஆள் கீப்பர்தான். அது ஓஃப்சைட். றெஃப்ரி சொன்னது சரி."

தன் அணி தோற்ற ஆட்டத்தில், தனக்கு எதிராக விழுந்த தீர்ப்பு சரி என்று 19 வயதில் சொல்கிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே நான் முன்வைப்பது, உங்கள் சொந்தத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்று: உதைபந்தாட்ட மத்தியஸ்தர், அதாவது றெஃப்ரி.

சிரிக்க வேண்டாம். திட்டு வாங்குகிற வேலை என்பது எனக்கும் தெரியும். தம்பி இரண்டு மொழியிலும் திட்டு வாங்குவார், இரண்டும் அவருக்கு விளங்கும். அதுதான் அவருடைய முதலீடு. 1966 உலகக் கிண்ணக் காலிறுதியில் இங்கிலாந்தும் ஆர்ஜென்டீனாவும் ஆடின. ஜெர்மன் மத்தியஸ்தர் ருடோல்ஃப் கிரைட்லைன் ஆர்ஜென்டீனத் தலைவர் ரத்தீனை வெளியேற்றினார். இவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஜெர்மன் தெரியாது. ரத்தீன் போக மறுத்து, ஆட்டம் நின்று, பெரிய குழப்பமானது. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் கென் ஆஸ்டன் என்ற ஆங்கில மத்தியஸ்தர் வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970 உலகக் கிண்ணத்தில் அவை வந்தன. நம் பக்கம் ஒரு தோட்ட அணியும் ஒரு சிங்களக் கிராம அணியும் மோதும்போது, அட்டைக்குக் கை போகுமுன் இரண்டு கெப்டனிடமும் அவரவர் மொழியில் இரண்டு வார்த்தை பேசக்கூடிய ஆள் எத்தனை பேர்? "உன் மகன் எந்தப் பக்கம்" என்று இரண்டு குடும்பத்திலும் குத்திக் கேட்கிறார்கள் என்று அழுதீர்களே, மைதானத்தில் எந்தப் பக்கமும் சாராமல் நிற்பதுதான் அந்த வேலையே.

உடம்பும் அவருக்கு இருக்கிறது. சர்வதேச ஆண் மத்தியஸ்தர்களுக்குப் பீபா பல வருஷமாக வைத்துவந்த சோதனையைக் கேளுங்கள். முதலில் 40 மீற்றர் ஓட்டம் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 6 வினாடிக்குள். பிறகு 75 மீற்றரை 15 வினாடியில் ஓடி, 25 மீற்றரை 18 வினாடியில் நடந்து, இப்படியே 40 தடவை. மொத்தம் 4 கிலோமீற்றர். நடுவில் உட்கார முடியாது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறி இறங்கி வளர்ந்த நெஞ்சுக்கு இது எட்டாத உயரம் இல்லை. ஹட்டன் டன்பார் மைதானத்தில் நாலு கூம்பும் ஒரு ஸ்டொப்வோச்சும் வைத்து இந்தக் கிழமையே ஓடிப் பார்க்கலாம்.

தொடக்கம் சின்னது. லீக் மட்டத்தில் மத்தியஸ்தர் பயிற்சி வகுப்பு நடக்கும்போது சேர வேண்டும், எழுத்துப் பரீட்சையும் ஓட்டமும் தேற வேண்டும். முதலில் பாடசாலை ஆட்டங்களில் உதவி மத்தியஸ்தராக ஓரத்தில் கொடி பிடிப்பார், அப்புறம் விசில். சட்டம் மொத்தம் 17, போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறிக்கை எழுத வேண்டும். அதனால் ஆங்கிலம் திருத்தமாக வேண்டும், ரியூசனுக்குக் காசு செலவழிப்பதாக இருந்தால் அதற்குச் செலவழியுங்கள். மேலே போகப் பாதையும் இருக்கிறது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 2017-இல் கோலாலம்பூரில் இளம் மத்தியஸ்தர்களுக்கென்றே ஓர் அகடமி தொடங்கியது. சர்வதேச மத்தியஸ்தர்களின் பீபா பட்டியலில் உதவி மத்தியஸ்தராகக் குறைந்தது 23 வயது, மத்தியஸ்தராக 25 வயது. 19-இல் தொடங்குகிறவருக்கு அவசரமே இல்லை. ஈரானில் மத்தியஸ்தராக இருந்த அலிரேசா ஃபகானி, 2019-இல் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்து 2025 கழக உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நடத்தினார். வெளிநாட்டுக் கனவுதான் வேண்டுமென்றால், விசிலுக்கும் வெளிநாடு உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆட்டத்துக்கு ஆட்டம் கிடைக்கிற காசில் குடும்பம் நடத்த முடியாது. போதாததற்கு, 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை பீபா தடையில் கிடந்த நாடு இது. ஆடுகிறவருக்கும் விசில் ஊதுகிறவருக்கும் உதைபந்தை மட்டும் நம்பி இங்கே வாழ்க்கை இல்லை. சம்பளத்துக்குத் தனியாக ஒரு வேலை வேண்டும். ஆசிரியராகப் பயிற்றுவிக்கிற தேசிய கல்வியியற் கல்லூரி மூன்று வருஷம், இரண்டு வருஷம் விடுதியில் படிப்பு, ஒரு வருஷம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி, கட்டணம் இல்லை. பத்தனைக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அங்கேதான் என்று முடிவெடுக்காதீர்கள். உடற்கல்வி எந்தக் கல்லூரியில், எந்த மொழிமூலத்தில் என்பதை அந்த வருஷ வர்த்தமானியில் பார்த்து விண்ணப்பியுங்கள். கிளப்பில் ஆடிய சான்றிதழ், பாடசாலை விளையாட்டு நிறச் சான்றிதழ் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு உறையில் போட்டு வையுங்கள். பின்னேரமும் சனி ஞாயிறும் மைதானத்துக்கு நேரம் கிடைக்கிற வேலை ஆசிரியர் வேலை. பொலிஸ் பற்றி லொக்கு தாத்தாவிடம் ஒன்று சொல்லுங்கள்: பிள்ளை கேட்டால் போகட்டும், கேட்கவில்லை.

அதே நியாயம் எனக்கும் பொருந்தும். தம்பி இன்னும் இரண்டு மூன்று பருவம் ஆடித்தான் பார்ப்பேன் என்றால் ஆடட்டும். விசில் வேண்டாம் என்றால் வேண்டாம், நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் அவர் கையில் திணிக்கக் கூடாது. வகுப்பில் சேர்ந்து நாலு ஆட்டம் கொடி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால் நட்டம் ஒரு சோடி சப்பாத்து.

மாமாவுக்கு நீங்களே எழுதச் சங்கடமாக இருந்தால், விசா நிபந்தனை உள்ள தாளை நான் தமிழில் எழுதித் தருகிறேன், வட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை வரும்போது தம்பியின் அப்பாவையும் கூட்டி வாருங்கள். லீவு எடுக்க முடியாதென்றால் கடைசி ட்ரிப் முடிந்து வரட்டும், ஏழு மணி வரை இருப்பேன்.