பாட்டிக்கு மைலோவை எப்படி அறிமுகப்படுத்துவது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். எங்கள் ஒரே மகளுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. இரண்டு வாரத்துக்கு முன் அவளுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தோம். இப்போது அதற்குப் பத்து வாரம். பழுப்பு நிறம் என்பதால் மைலோ என்று பெயர் வைத்திருக்கிறாள். முதல் தடுப்பூசி போட்டாகிவிட்டது, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மாமியார் கெடாவிலிருந்து வந்து மூன்று வாரம் தங்கப்போகிறார். வயது 74. பதினான்கு வயதிலேயே ரப்பர் மரம் சீவப் போனவர். ஒருநாள் இருட்டில் வேலைக்காட்டுக்குப் போகும் வழியில் நாய் கடித்து, வயிற்றில் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டவர். கெண்டைக்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். இருதயக் கோளாறுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்.

பாட்டி காரைவிட்டு இறங்கியதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி மடியில் வைக்கப்போவதாக மகள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். போன ஞாயிறு வீடியோ காலில் குட்டியைக் காட்டினாள். அத்தையின் முகம் மாறிவிட்டது. “சாமி ரூம் இருக்கிற வீட்டுல இது எதுக்கு? நான் வரும்போது இருக்கக்கூடாது” என்றார். மகள் போனை வைத்துவிட்டு, “அப்படின்னா பாட்டி வரவேணாம்” என்று அழுதாள். கணவரோ, “அம்மா ரெண்டு நாள்ல பழகிடுவாங்க” என்று சிரிக்கிறார்.

மூன்று வாரத்துக்குக் குட்டியைத் தம்பி வீட்டில் விட்டுவிடலாமா? வைத்துக்கொண்டால் இருவரையும் எப்படிச் சந்திக்க வைப்பது?

ஒரு தாய், சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

குட்டியைத் தம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பாட்டி வந்ததால் மைலோ போய்விட்டது என்று பிள்ளை மனத்தில் ஒருமுறை பதிந்தால், அதைக் கலைப்பது பெரும்பாடு. குட்டிக்கும் அது நல்லதல்ல. புது மனிதர்களையும் புது ஓசைகளையும் அச்சமில்லாமல் ஏற்றுக்கொள்ள நாய்க்குட்டி கற்கும் பருவம் ஏறக்குறைய 12 முதல் 14 வாரத்தோடு முடிகிறது. கைத்தடி ஊன்றி மெதுவாக நடக்கும் முதியவரோடு ஒரே வீட்டில் இருந்து பழக இதுதான் சரியான வயது.

அத்தையின் பயத்தை உங்கள் கணவர் குறைவாக எடைபோடுகிறார் என்று தோன்றுகிறது. அத்தை வளர்ந்த தோட்டத்தில் நாய் செல்லப்பிராணி இல்லை. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் காவலுக்குக் கிடக்கும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவர்களை விரட்டும். கெடா தாய்லாந்து எல்லை மாநிலம். வெறிநோய் உள்ளே வராமல் தடுக்க, 1950களிலேயே எல்லையோரம் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு தடுப்பு வளையம் அமைக்க வேண்டியிருந்தது. பின்னர் மலேசியா வெறிநோய் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் நோய் மறுபடி தலைகாட்டியது. ஆக, அவர் பயத்துக்கு ஆதாரம் தழும்பில் மட்டும் இல்லை.

“ஒன்னும் பண்ணாதும்மா” என்ற வார்த்தையை இந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். கடிபட்டவர் காதில் அது, உங்கள் பயம் பொய் என்றுதான் விழும். இந்த வகைப் பயம் சமாதானம் சொல்வதால் தணியாது. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் என்பதைப் பயப்படுகிறவரே முடிவு செய்யும்போதுதான் தணியத் தொடங்கும். சாமி அறைப் பேச்சையும் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பைரவருக்கு வாகனமே நாய்தானே என்று வாதாடினால் வாதத்தில் ஜெயிக்கலாம், அவ்வளவுதான். சாமி அறைக் கதவைச் சாத்தி வைப்பது அதைவிட மரியாதை.

இன்றோ நாளையோ உங்கள் கணவர் தம் அம்மாவுக்குப் போன் செய்யட்டும். மருமகள் பேசுவதைவிட மகன் பேசுவது நல்லது. கெஞ்சாமல், என்ன ஏற்பாடு என்று மட்டும் சொன்னால் போதும்: “அம்மா, குட்டி பின்பக்க அடுப்படியிலதான் இருக்கும். நடுவுல தடுப்பு போட்டிருக்கேன். உங்க ரூமுக்கும் சாமி ரூமுக்கும் வராது. நீங்க சொன்னாதான் கண் முன்னாடியே வரும்.” சொன்னபடி நடக்க வேண்டும். முதல் நாளே குட்டி ஒருமுறை தப்பி அவர் அறைக்குள் ஓடினால், அப்புறம் எந்த வாக்கையும் அவர் நம்பமாட்டார்.

இனி மகள். “பாட்டி வரவேணாம்” என்றதில் வெறுப்பு இல்லை. தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தனக்கு மிகவும் பிடித்தவரிடம் காட்டினாள். அவர் முகம் திருப்பியதும் தன்னையே வேண்டாம் என்றதுபோல் ஆகிவிட்டது. அந்தச் சொல்லுக்காகக் கண்டிக்காதீர்கள். கடிபட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: “பாட்டிக்கு உன் மேல கோவமில்ல, மைலோ மேலயும் இல்ல. பதினாலு வயசுல ஒரு நாய் கடிச்சுது. அந்தப் பயம் இன்னும் போகல.” பிறகு, “பாட்டிக்குப் பயம் வராம மைலோவைக் காட்டணும்னா நாம என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு பொறுப்பு கிடைத்தால் அழுகை யோசனையாக மாறும். பழகிக்கொள் என்று பாட்டியைக் கட்டாயப்படுத்தவோ, விட்டுக்கொடு என்று மகளைக் கட்டாயப்படுத்தவோ தேவையிருக்காது.

வெள்ளிக்கிழமைவரை தினமும் ஐந்து நிமிடம் ஒத்திகை பாருங்கள். நீங்கள் பாட்டிபோல் நாற்காலியில் உட்காருங்கள். மகள் மூன்று வாக்கியம் சொல்லிப் பழகட்டும்: “பாட்டி, இதுதான் மைலோ. கயிறு அப்பா கையில இருக்கு. நீங்க தொட வேணாம், பார்த்தா போதும்.” மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம். அது பேத்தியின் வாயிலிருந்தே வந்தால், பாட்டிக்கு மறுத்துப் பேசவேண்டிய நிலையே வராது.

குட்டிக்கும் ஒத்திகை உண்டு. பால் பற்கள் ஊசி முனைபோல் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில்தான் விழத் தொடங்கும். அதுவரை அசைவதையெல்லாம் கவ்விப் பார்க்கும். சேலைக் கரை, கைலி நுனி, கைத்தடியின் ரப்பர் முனை, மூன்றுமே அதற்கு விளையாட்டுப் பொருள்தான். ஒரு குடையை எடுத்து, குட்டியிடமிருந்து நாலடி தள்ளித் தரையில் மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் உலர்தீனி ஒன்றைக் குட்டியின் பக்கத்தில் போடுங்கள். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு இரண்டு வேளை. நான்கைந்து நாளில், தட்டும் சத்தம் கேட்டதும் தடியைத் துரத்தாமல் தரையில் தீனியைத் தேடும். தீனிக்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அன்றாடப் பங்கிலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் வயிறு கழியும்.

வீட்டில் கடியைவிட விழுவதுதான் பெரிய ஆபத்து என்பேன். குழந்தைகளுக்குப் போடும் முக்கால் மீட்டர் உயரத் தடுப்பை அடுப்படி வாசலில் பொருத்துங்கள். குட்டியின் கழுத்துப்பட்டையில் சிறு மணி ஒன்றைக் கட்டுங்கள். குட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் பயந்தவரை அதிகமாக வாட்டும்; மணி கேட்டால், அது தூரத்தில் இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்வார். தரையில் கிடக்கும் பொம்மைகளை மாலைக்குள் எடுத்துவிடுங்கள். இந்த வயதில் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் குட்டியால் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள். வழுவழுப்பான தரையில் சிந்திய ஒரு கரண்டிச் சிறுநீர் போதும், கைத்தடி வழுக்க. கொண்டுபோகும் இடம் உங்கள் வேலிக்குள்ளேயே இருக்கட்டும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் விட்டால், குட்டிகளைக் கடுமையாகத் தாக்கும் பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய் தொற்றலாம்.

வெள்ளிக்கிழமை அறிமுகம் வேண்டவே வேண்டாம். பயணக் களைப்பில் இருக்கிறவருக்குச் சின்ன அதிர்ச்சியும் பெரிதாகத் தெரியும். அவர் குளித்து, சாப்பிட்டு, தூங்கட்டும். மகள் வெறுங்கையோடு போய்க் கட்டிப்பிடிக்கட்டும். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அன்று தடுப்பது கொடுமை.

சனிக்கிழமை மாலை, வெயில் தணிந்ததும் முயலலாம். குட்டி தூங்கி எழுந்து, வெளியே போய்வந்து, பத்து நிமிடம் ஓடி விளையாடிய பிறகான நேரமே தோது. எழுந்த சூட்டோடு கொண்டுவந்தால் துள்ளும். அத்தை கைப்பிடி உள்ள நாற்காலியில், சுவருக்கு முதுகு கொடுத்து, எழுந்துபோக வழி திறந்திருக்கும்படி உட்காரட்டும். ஒன்றரை மீட்டர் கயிற்றில் குட்டியை உங்கள் கணவர் பிடித்துக்கொண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையில் உட்கார வேண்டும். மகள் குட்டிக்குப் பக்கத்தில். கயிறு பெரியவர் கையில்தான், பிள்ளை கையில் அல்ல. மகள் தன் மூன்று வாக்கியத்தைச் சொல்லி, மைலோ எங்கே தூங்குகிறது, என்ன சாப்பிடுகிறது என்று காட்டுவாள். மூன்று நிமிடத்தில் முடியுங்கள். போதும் என்று அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் முடித்தால், அடுத்த தடவைக்கு அவரே இடம் கொடுப்பார்.

அவர் கைகளைப் பாருங்கள். நாற்காலிக் கைப்பிடியை விரல்கள் இறுகப் பற்றி, கட்டைவிரல் நகம் வெளுத்து, பாதங்கள் நாற்காலிக்கு அடியில் ஒடுங்கினால், வாய் “பரவாயில்ல” என்றாலும் தூரம் போதவில்லை என்று பொருள். பேசாமல் இன்னும் ஒரு மீட்டர் பின்னால் போங்கள். குட்டியும் சொல்லும்: தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், மூக்கை நக்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். அப்போது அதற்கும் ஓய்வு தேவை.

இரண்டு மூன்று நாள் இப்படிப் போனபின், விருப்பமிருந்தால் அத்தை ஒரு தீனியைக் குட்டி இருக்கும் பக்கம் எறியட்டும். கையில் வைத்து ஊட்ட வேண்டாம். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடியது இது, குட்டிக்கும் அவரை நல்லவர் என்று கற்றுத்தரும். தொட்டுப் பார்க்கிறேன் என்று அவராகவே சொன்னால், குட்டியின் முகம் மகள் கையிலுள்ள தீனியை நோக்கித் திரும்பியிருக்க, அவர் அதன் முதுகில் மூன்று நொடி தடவி நிறுத்தட்டும். மூன்று வாரமும் தொடவே இல்லையென்றால் அதுவும் சரிதான்.

பெரும்பாலும் எங்கே கெடும் என்றால், பிள்ளை குட்டியைத் தூக்கி மடியில் வைக்கும்போதுதான். இறங்க வழியில்லாத குட்டி நெளிந்து நகத்தால் பிறாண்டும். பாட்டி பதறிக் கையை உயர்த்துவார். உயரும் கையை நோக்கிக் குட்டி தாவும். அவர் அலறினால் குட்டி அவரைக் கண்டு மிரளப் பழகும், பழி பிள்ளை மேல் விழும். அதனால் தரையில் நான்கு கால் என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். குட்டி கிட்டே வந்துவிட்டால் கைகளை மடியில் வைத்து அசையாமல் இருக்கும்படி அத்தையிடம் முன்பே சொல்லுங்கள். விளக்குமாற்றை ஓங்குவதும் வேண்டாம். குட்டி அதையும் கவ்வும்.

அப்படியும் கீறல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, சுத்தமான துணியால் விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள். வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் நிற்க நேரமாகும். சிறு காயமானாலும் அன்றே கிளினிக்கில் காட்டி, சாப்பிடும் மருந்தையும் சொல்லுங்கள். இக்காலத்தில் வெறிநோய்த் தடுப்பூசி தேவைப்பட்டாலும் கையில்தான் போடுகிறார்கள், வயிற்றில் அல்ல. இதை அத்தையிடம் கட்டாயம் சொல்லுங்கள், அறுபது வருடப் பயத்தில் பாதி அந்த ஊசிதான்.

இன்னொன்று, மைலோ இல்லாத ஒரு மணி நேரம் தினமும் பாட்டிக்கும் பேத்திக்கும் தனியாக வேண்டும். தலைக்கு எண்ணெய் வைப்பதோ, முறுக்கு சுற்றுவதோ, எதுவானாலும் சரி. தன் இடத்தை ஒரு நாய் பிடித்துவிட்டது என்ற பாட்டியின் வருத்தமும் அந்தப் போன் பேச்சில் கொஞ்சம் கலந்திருக்கக்கூடும்.

வெறிநோய்த் தடுப்பூசியை 12 வாரம் முதல் போடலாம், அதாவது அத்தை உங்கள் வீட்டில் இருக்கும்போதே. பெர்லிஸ், கெடா செய்திகளை அறிந்தவருக்கு அந்த ஊசியின் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும். கால்நடை மருத்துவர் தடுப்பூசி அட்டையில் தேதி எழுதி ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையை மகள் பாட்டியிடம் கொண்டுபோய், ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டட்டும்.