அத்தைக்கு என்ன புரியும்?

கேள்வி: சியாட்டிலில் வசிக்கிறோம். ஜூன் மாதம் அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் உட்கியாக்விக் போய், அங்குள்ள கலாச்சார மையத்தில் அந்த ஊர்ப் பூர்வகுடிகளான இனுபியாட் மக்களின் நடனம் பார்த்தோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தையை ஹோட்டலிலேயே விட்டுவிட்டோம். குளிர் ஒத்துக்கொள்ளாது, அதில் அவருக்கு என்ன புரியப்போகிறது? திரும்பியதிலிருந்து என் 13 வயது மகன், "நமக்கு இந்த மாதிரி என்னம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அத்தை செப்டம்பரில் கிளம்பியதும் அவனைப் பரதத்தில் சேர்க்கலாமா, பறை வகுப்பிலா?

பதில்: வகுப்பு இருக்கட்டும். ரோடே போகாத, விமானத்தில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஊர் வரைக்கும் வயதானவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள், ஆனால் அந்தக் கூடத்துக்குள் கூட்டிப்போக மனம் வரவில்லை. குளிர் என்கிறீர்கள். நடனம் பனியிலா நடந்தது, கட்டடத்துக்குள்தானே? புரியாது என்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் இனுபியாட் பாஷை தெரியுமா? தெரியாமலே ரசித்தீர்கள், அவரும் ரசித்திருப்பார்.

அங்கே என்ன பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மேளக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, வட்ட மேளத்தைத் தூக்கிப் பிடித்து, நீளமான மெல்லிய குச்சியால் அடியிலிருந்து அடிக்கிறார்கள். முதலில் மெதுவாக, அப்புறம் அதே பாட்டு மறுபடி வரும்போது கூடமே அதிர. அந்த மேளத்துக்கு வழக்கமாகக் கட்டுவது திமிங்கலத்தின் ஈரல் மேல் இருக்கும் சவ்வு. ஆண்கள் காலை உதைத்து ஆட, பெண்கள் நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி மடக்கி ஆட, சின்னப் பிள்ளைகள் பெரியவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துத் தாங்களும் அசைப்பார்கள். இப்படிப் பக்கத்தில் நின்றுதான் அது தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

இடையில் அறுந்தும் போயிருக்கிறது. மிஷனரிகள் ஆட்டத்தையே பாவம் என்று ஒடுக்கிய காலம் அது. கிவ்கிக் என்று ஒரு பெருவிழா, ஒரு ஊர் தூதர்களை அனுப்பி இன்னொரு ஊரை விருந்துக்கும் ஆட்டத்துக்கும் அழைப்பது, எழுபது வருஷத்துக்கு மேல் நின்றே போயிருந்தது. 1988-ல் மறுபடி எடுத்து நடத்தினார்கள். கிழவர் கிழவிகள் நினைவில் வைத்திருந்ததைக் கேட்டுக் கேட்டுத்தான் அதைச் செய்ய முடிந்தது. அவர்களையும் யாராவது 'உங்களுக்கென்ன புரியும்' என்று அறையில் உட்கார வைத்திருந்தால்?

உங்கள் பையன் கேட்டது சரியான கேள்வி, நீங்கள்தான் பதிலைத் தப்பான இடத்தில் தேடுகிறீர்கள். அடுத்தவர் வீட்டுப் பெரியவர்களைப் பார்க்க ஆர்க்டிக் வரை போனவர்கள், சொந்தப் பாட்டியை அறையில் விட்டுப் போனதை அவனும் பார்த்தான். பெரியவர்களைச் சபையில் நம்மோடு உட்கார வைப்பது வீட்டுக்காரர்கள் கடமை, அவர்களுக்கு அலுக்குமோ அலுக்காதோ என்று நாமே முடிவு கட்டக்கூடாது.

இன்றைக்கே அத்தையிடம் போய், கூட்டிப்போகாதது தப்பு என்று பையன் காதுபடச் சொல்லுங்கள். அவன் அங்கே எடுத்த வீடியோ இருந்தால் அவனே பாட்டிக்குப் போட்டுக் காட்டட்டும், அவர் சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் என்ன ஆடினார்கள், யார் பாடினார்கள், பெண்களைச் சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்கட்டும். கும்மி தெரிந்திருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம், பரவாயில்லை, கேட்கட்டும். நீங்கள் நடுவில் புகுந்து விளக்கம் சொல்லாதீர்கள். பறையோ பரதமோ, அத்தை இங்கே இருக்கும்போதே சேருங்கள், முதல் வகுப்புக்கு அவரையும் கூட்டிப்போங்கள்.