நர்சிங் கல்லூரியில் சேரும் முன், அங்கே எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். நீட் இரண்டு முறை எழுதியும் தகுதி மதிப்பெண்தான் வந்தது, இங்கே எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கும் அளவுக்கு வரவில்லை. அவளுக்கு பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசை. அம்மாவின் அண்ணன் விடமாட்டேன் என்கிறாராம். வயலை விற்றாவது வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைப்போம், நர்ஸ் வேலைக்கு அனுப்பினால் சொந்தபந்தத்தில் யார் மதிப்பார்கள் என்பது அவருடைய வாதம். அம்மாவுக்குத் தனியாக இன்னொரு பயம் இருக்கிறது. மகளுக்கு மனப்பாடம் வராது, எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், பள்ளியில் இதற்காகவே திட்டு வாங்கியவள். டாக்டர் சொன்னதைச் செய்கிற வேலையில் இவள் எப்படித் தாக்குப்பிடிப்பாள் என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆறுதலாக நாலு வார்த்தை எழுதி அனுப்பினால் உங்களுக்கு அது உதவாது, அதனால் நேராகவே சொல்கிறேன். வயலை விற்காதீர்கள். வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம். அதன்மேல் அங்கேயே ஓராண்டு பயிற்சி. திரும்பி வந்து, பெரும்பாலானோர் தோற்கிற ஒரு உரிமத் தேர்வில் தேற வேண்டும். அப்புறம் இங்கே இன்னோர் ஆண்டு பயிற்சி. இத்தனையும் கடந்து நல்ல மருத்துவர் ஆனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் படிப்பை விரும்பிப் போனவர்கள். உங்கள் மகள் அதைக் கேட்கவே இல்லை. அவள் கேட்காத படிப்புக்குக் குடும்பத்தின் ஒரே சொத்தை வைப்பதை என்னால் எந்த விதத்திலும் ஆதரிக்க முடியாது. இது உங்கள் அண்ணனின் பாசத்தைக் குறை சொல்வதாகாது. அவர் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மதிப்பு பற்றி ஒரு தகவலை அவர் காதில் போடுங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு 1946லேயே தொடங்கிவிட்டது, நாடு சுதந்திரம் அடையும் முன்பே. இன்று எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் ஆபீசராகச் சேர்பவருக்கு அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். அதே சமயம், தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் வருத்தப்படும் அளவுக்குக் குறைவு. அதையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது பயத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ஏன் என்று கேட்கிற பெண் நர்சிங்குக்குச் சரிப்படமாட்டாள் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படியே மாறாக நினைக்கிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். ராத்திரி முழுக்க நோயாளியின் பக்கத்தில் இருப்பது நர்ஸ். மூச்சு கொஞ்சம் வேகமாகிறது, பேச்சு குழறுகிறது, சிறுநீர் குறைந்திருக்கிறது என்பதையெல்லாம் முதலில் கவனிப்பவர் அவர்தான். கவனித்து, இது ஏன் என்று யோசிக்காத நர்ஸால் ஓர் உயிர் போகலாம். ஆகவே உங்கள் மகளின் குணம் இந்த வேலைக்குப் பெரிய சொத்து. ஆனால் அந்தக் குணத்தை வளர்க்கிற கல்லூரியில் அவள் சேர வேண்டும், நசுக்குகிற கல்லூரியில் சேர்ந்தால் பிளஸ் டூ திட்டுகள்தான் இன்னும் நான்கு ஆண்டு தொடரும்.

இங்கேதான் பெற்றோர் யாரும் விசாரிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிராப்ளம் பேஸ்டு லேர்னிங், சுருக்கமாக பி.பி.எல். பிரச்சினையை முதலில் கொடுத்து, பாடத்தை அதன் வழியாகத் தேட வைக்கிற முறை. 1969ல் கனடாவின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி முதல் 20 மாணவர்களுடன் இதை வைத்தே தொடங்கியது. வகுப்பில் ஆண்டுக்கணக்கில் கேட்டு எழுதியதெல்லாம் நோயாளி முன்னால் நிற்கும்போது நினைவுக்கு வருவதில்லை என்ற அனுபவம்தான் காரணம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டும் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலும் அடுத்த பத்தாண்டுக்குள் இதே வழியில் மருத்துவக் கல்லூரிகளை அமைத்தன. மெக்மாஸ்டரின் நர்சிங் பள்ளியும் இதை எடுத்துக்கொண்டது, அப்படியே பல நாடுகளின் நர்சிங் படிப்புக்குள் பரவியது.

வகுப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்குக் கண்ணில் தெரியும்படி சொல்கிறேன். எட்டு முதல் பத்து மாணவிகள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருத்தி கூட்டத்தை நடத்துவாள், ஒருத்தி பலகையில் எழுதுவாள். ஆசிரியையும் கூடவே உட்கார்ந்திருப்பார், பாடம் நடத்தமாட்டார். கையில் ஒரு தாள் வரும்.

58 வயதுக்காரர். பத்தாண்டாகச் சர்க்கரை நோய். குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். இரவு 7 மணிக்கு ரெகுலர் இன்சுலின் போட்டிருக்கிறார்கள். 9.30க்கு அவர் மனைவி ஓடிவந்து, உடம்பெல்லாம் வியர்க்குது, சம்பந்தமில்லாமல் பேசுறார் என்கிறார். வார்டில் நீங்கள்தான் டியூட்டி நர்ஸ். தாளில் அவ்வளவுதான் இருக்கும்.

ஒருத்தி உள்ளே ரத்தம் கசியுதோ என்பாள். இன்னொருத்தி ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பாள். தொற்றாக இருக்கலாம், வலியாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம். எல்லாம் பலகையில் ஏறும். ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்பார்: இதில் எது மிகச் சீக்கிரம் ஆளைக் கொல்லும், எதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்? குளுக்கோமீட்டர், நாடி, ரத்த அழுத்தம், விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி என்று பதில் வரும். அடுத்த தாளில் சர்க்கரை 48 என்று இருக்கும். எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. சரி, உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா? அவரால் விழுங்க முடிகிறதா என்று பார்த்தாயா என்று பக்கத்தில் இருப்பவள் கேட்பாள். விழுங்க முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் திரவம் வேண்டும், டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும், போனில் அவரிடம் எதை முதலில் சொல்வது என்பதையும் யோசிக்க வேண்டும்.

நடுவில் தெரியாதவை நிறைய எழும். சர்க்கரை இறங்கினால் ஏன் வியர்க்கிறது? ஊசி போட்டு இரண்டரை மணி நேரம் கழித்து ஏன்? இவற்றை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு நூலகத்துக்குப் போவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி கூடும்போது, சர்க்கரை குறைந்ததும் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது, வியர்வையும் படபடப்பும் அதனால்தான் என்று ஒருத்தி விளக்குவாள். ரெகுலர் இன்சுலின் போட்ட 2 முதல் 4 மணி நேரத்தில்தான் உச்சத்தில் வேலை செய்யும் என்று இன்னொருத்தி சொல்வாள். உடலியலும் மருந்தியலும் ஒரு மனிதரின் மேல் ஒட்டிக்கொண்டு மனதில் ஏறுகின்றன. தனித்தனிப் பாடமாக ஒப்பித்திருந்தால் தேர்வு முடிந்த மறுநாளே பாதி மறந்திருக்கும்.

மூன்றாவது தாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் இரவு உணவைத் தொடவே இல்லை, குமட்டல் என்று தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். 7.30க்கு ஷிஃப்ட் மாறியது. ஊசி போட்டாயிற்று என்று குறிப்பில் இருக்கிறது, சாப்பிட்டாரா என்பதை யாரும் ஒப்படைக்கவில்லை. இப்போது பேச்சு மருந்தை விட்டு மனிதர்கள் பக்கம் திரும்பும். ஊசிக்கு முன் சாப்பாடு வந்ததா என்று யார் பார்த்திருக்க வேண்டும்? டியூட்டி ஒப்படைக்கும்போது எதைச் சொல்லாமல் விடக் கூடாது? அந்த மனைவிக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கலாம்? பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் இதைப் பேசுவதைக் கேட்டால் உங்கள் அண்ணனுக்கே நர்ஸ் வேலை பற்றிய எண்ணம் மாறும் என்று நம்புகிறேன்.

மெக்மாஸ்டர் மாதிரி முழுப் படிப்பையும் இப்படியே நடத்துகிற நர்சிங் கல்லூரியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கதவு திறந்திருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021ல் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை எட்டு செமஸ்டராக மாற்றியபோது, செய்து காட்டும் திறனை மையமாக வைத்தது. சூழலைக் கொடுத்துக் கற்பிப்பதையும், பொம்மை நோயாளி போன்றவற்றை வைத்துப் பழகுகிற சிமுலேஷனையும் உள்ளே கொண்டுவந்தது. வெளியே தேர்வுகளும் அந்தப் பக்கம்தான் நகர்கின்றன. அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதுகிற என்கிளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலிலிருந்து, ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து எந்த அறிகுறி முக்கியம், காரணம் எதுவாக இருக்கும், முதலில் என்ன செய்வாய், செய்தது பலித்ததா என்று படிப்படியாகக் கேட்கிறது. மேலே சொன்ன மேசையில் நான்கு ஆண்டு உட்கார்ந்தவளுக்கு இது புதிதாக இருக்காது.

சிக்கல் என்னவென்றால், பாடத்திட்டத்தில் எழுதியிருப்பது வகுப்பறைக்குள் வந்ததா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விளம்பரத் தாளில் பி.பி.எல். என்று அச்சடித்துவிட்டு, உள்ளே ஸ்லைடை வாசிக்கிற இடங்கள் உண்டு. அதனால் முதல்வர் அறையில் உட்கார்ந்து கேட்காதீர்கள், சரியான பதில்தான் வரும். கேன்டீனிலோ பஸ் ஸ்டாப்பிலோ ஒரு மூன்றாம் ஆண்டு மாணவியிடம் உங்கள் மகளே பேசட்டும். கடைசியாக எப்போது ஒரு கேஸை வைத்துப் பேசினீர்கள், எத்தனை பேர் உட்கார்ந்தீர்கள், மிஸ் பதிலைச் சொன்னார்களா, தேட விட்டார்களா, வார்டில் நோயாளியைத் தொட விடுகிறார்களா, வெறும் ரெக்கார்டு எழுதுகிறீர்களா என்று கேட்கட்டும். அறுபது பேரை ஒரே ஹாலில் வைத்துக் குரூப் டிஸ்கஷன் என்று சொன்னால் அது வேறு. பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியை என்பது கவுன்சிலின் விதியே. அது நிஜத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும், அந்தப் படுக்கைகளில் நோயாளிகளும் இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு ஒரு நடை நடந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த முறையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில மாதம் தலை சுற்றும். எது படிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லையே என்று பிள்ளைகள் அழுவதுண்டு. குழுவில் ஒருவர் உழைக்க மூவர் சும்மா இருப்பதும் நடக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் பேசத் தயங்கி வாயே திறக்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் மகள் தமிழ் வழி என்றால், விவாதத்தைத் தமிழிலும் குறிப்பை ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ள அனுமதிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பல்கலைக்கழகத்தின் எழுத்துத் தேர்வு இன்னும் இருக்கத்தான் செய்கிறது, அதற்குப் படித்துத்தான் ஆக வேண்டும். ஊசி போடவும் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) வைக்கவும் எந்த மேசைப் பேச்சாலும் கற்றுக்கொள்ள முடியாது, அதற்கு லேபும் வார்டும் வேண்டும். மதிப்பெண் தானாக உயர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பலன் தெரிவது யோசிக்கும் திறனிலும், நோயாளி முன் நிற்கும்போது வரும் தெளிவிலும்.

பணம் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அரசுக் கல்லூரியிலோ அரசு ஒதுக்கீட்டிலோ கிடைக்கிற இடத்தை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, இந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். நன்கொடை என்று யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். கல்லூரி கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். படித்து முடித்ததும் இத்தனை ஆண்டு எங்களிடமே வேலை செய்ய வேண்டும் என்று பாண்டில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். நூறு சதவீதம் வெளிநாட்டு வேலை என்று உறுதி கொடுக்கிற ஏஜென்ட்டிடம் முன்பணம் வேண்டாம். வெளிநாடு போகிற எண்ணம் பின்னால் வந்தால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது.

கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது மகள்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும், நீங்களும் அவள் அப்பாவும் பக்கத்தில் இருந்தால் போதும். அதற்கு முன் மூன்று கல்லூரிகளுக்காவது நேரில் போய்விட்டு வாருங்கள். வயல் இருக்கட்டும். நான்கு ஆண்டு முடித்து, கொஞ்ச காலம் ஐ.சி.யு.வில் வேலை பார்த்த பிறகு, கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற மேற்படிப்பு இருக்கிறது, மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. அதைப் பற்றி அவள் கேட்கும்போது மறுபடி எழுதுங்கள்.