மொட்டை மாடி ஒழுகுகிறது: வைப்பு நிதியை முறிக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடி மூன்று ஆண்டுகளாகக் கோடை மழையில் ஒழுகுகிறது. ஒவ்வொரு முறையும் விரிசலில் சிமெண்டைப் பூசிச் சமாளித்துவிட்டோம். இந்த ஆண்டு இடியும் காற்றுமாக அடித்த ஒரே மழையில் படுக்கையறைக் கூரையின் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே துருக்கறை தெரிகிறது. தளம் முழுவதற்கும் நீர்க்காப்பு செய்து, அறைக்கு வண்ணமும் அடித்துத் தர ஒப்பந்தக்காரர் கேட்கும் தொகை எங்கள் வைப்பு நிதியில் 60 சதவீதம். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான அந்த மூன்றாண்டு வைப்பு முதிர்வதற்கு இன்னும் 14 மாதங்கள் உள்ளன. மாதச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மாதந்தோறும் பணம் மிஞ்சுகிறது. வைப்பை முறிப்பதா, கடன் வாங்குவதா, முதிரும்வரை ஒட்டுப் போட்டே தள்ளுவதா?

பதில்: தள்ளிப்போடும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். துருக்கறை தெரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்த வரி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது, அந்தத் துரு மூல இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். இடம் கிடைக்காதபோது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும், பிளவு வழியாக இன்னும் அதிக நீர் இறங்கும். 14 மாதம் காத்திருந்தால் நடுவில் இன்னொரு கோடையின் மழையையும் அந்தக் கம்பி தாங்க வேண்டியிருக்கும். அப்போது பூச்சு வேலையோடு முடியாமல், கம்பியைச் சீர்செய்து கான்கிரீட்டைக் கட்டும் வேலையும் சேர்ந்துகொள்ளக்கூடும்.

ஆனால், ஒப்பந்தக்காரர் கேட்ட தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அவரிடம் வேலை விற்கும் நோக்கம் இருப்பதால், வேலையில் பங்கில்லாத ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கட்டணம் கொடுத்து அழைத்து, தளத்தையும் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். கீழே சொட்டும் இடமும் மேலே நீர் புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கோடையில் பகல் முழுதும் காய்ந்து விரிந்த தளம் திடீர் மழையில் சட்டெனக் குளிர்ந்து சுருங்குகையில், கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலைதான் முதலில் விடும். காற்று அள்ளி வந்த சருகு வடிகுழாயின் வாயை அடைத்திருந்தாலும் இதே கதைதான்: 100 சதுர மீட்டர் தளத்தில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர், அதாவது நான்கு டன் நீர் சேரும், அது வடிய வழியும் வாட்டமும் (தளத்தின் சரிவு) இல்லையென்றால் எந்தப் பூச்சும் வெகுநாள் நிற்காது. பிழை ஒரு மூலையிலும் வாட்டத்திலும் மட்டும் இருக்கிறது என்று தெரிந்தால் செலவு கணிசமாகக் குறையலாம். அறைக்கு வண்ணம் அடிப்பதை இப்போது நீக்கிவிடுங்கள். ஈரம் முழுதும் காயாத கூரையில் அடிக்கும் வண்ணம் மறுபடி உரியும், அதற்குக் கொடுத்த பணமும் போகும்.

இனிப் பணத்துக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க உங்கள் வைப்பை 100 பங்கு என்றும், அதற்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்றும் வைத்துக்கொள்கிறேன்; உங்கள் வங்கியின் உண்மையான விகிதங்களை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். முன்கூட்டி முறித்தால் ஓடிய காலத்துக்கான ஆண்டு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதப் புள்ளி (7-க்குப் பதில் 6) குறைப்பார்கள் என்று கொண்டால், ஓடி முடிந்த 22 மாதங்களுக்கு ஏறத்தாழ 1.8 பங்கு போகும். இதற்கு மேல், முறித்த பணம் மீதி 14 மாதங்களில் ஈட்டியிருக்கும் வட்டியும் இல்லாமல் போகும். மாறாக, வைப்பை ஈடாக வைத்து 9 சதவீதத்தில் 60 பங்கு கடன் வாங்கி, அசலை 14 சம தவணைகளில் அடைத்தால், மொத்த வட்டி ஏறத்தாழ 3.4 பங்கு, வைப்போ முழு 100 பங்குக்கும் 7 சதவீதம் ஈட்டிக்கொண்டே இருக்கும். இதே தொகையைத் தனிநபர் கடனாக 14 சதவீதத்தில் வாங்கினால் வட்டி 5.25 பங்கு. மாதம் 3 சதவீதம் பிடிக்கும் கிரெடிட் கார்டு நிலுவையாக வைத்தால் 13.5 பங்கு. கார்டை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஆகவே என் பரிந்துரை வைப்பின் மீதான கடன். உங்கள் நிலைமைக்கு அது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 60 பங்கு என்பது சுமார் மூன்றரை மாதச் செலவு. 14 மாதங்களுக்குப் பிரித்தால் அசல் தவணை மாதச் செலவில் கால் பங்குக்குச் சற்று மேல், உங்களுக்கு மிஞ்சுவதோ மூன்றில் ஒரு பங்கு. வட்டியும் அதற்குள் அடங்கிவிடும். நெருக்கமாக இருந்தாலும் தாங்கக்கூடியதே. வேலை நிச்சயமில்லாத நிலையோ மருத்துவச் செலவோ எதிரில் தெரிகிறது என்றால் மட்டும், தவணைச் சுமையைத் தவிர்த்து வைப்பை முறியுங்கள். வங்கி பகுதியாக முறிக்க அனுமதித்தால் தேவையான அளவை மட்டும் எடுங்கள். அவசரத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தொடுகிறோமே என்று சிலர் குற்ற உணர்வு கொள்கிறார்கள். தலைக்கு மேல் கூரை பெயர்ந்து விழுவது அவசரம் இல்லையென்றால் வேறு எதுதான் அவசரம்?

வீட்டுக் காப்பீடு இருந்தால், ஆட்கள் மாடியில் கை வைப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்து, தேதி தெரியும்படி படங்களும் எடுத்து வையுங்கள். புயல்காற்றால் திடீரென ஏற்பட்ட சேதத்தை ஏற்கும் காப்பீடுகளும் நாள்பட்ட கசிவையும் தேய்மானத்தையும் பொதுவாக ஏற்பதில்லை. மூன்று ஆண்டு ஒழுகலை மறைத்துக் கோரிக்கை வைக்காதீர்கள்; இந்த மழையில் புதிதாகச் சேதமானதை மட்டும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் பரப்பளவு, பொருளின் வகை, எத்தனை கை பூச்சு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். கடைசி கால் பங்கை, தளத்தின் வலுவைப் பொறியாளர் உறுதிசெய்தபின் நீரை ஆழமின்றித் தேக்கி, 48 மணி நேரம் கீழே ஓதம் காணவில்லை என்று பார்த்த பிறகே கொடுங்கள். ஈரத் தளத்தின் மேல் பூசினால் பூச்சு கொப்பளிக்கும் என்பதால், மழை விட்டுத் தளம் காயும் நாட்களைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அதுவரை வடிகுழாய் வாயைச் சுத்தமாக வைத்து, விரிசல் பகுதியைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள்.

கடன் அடைந்த மாதத்திலிருந்து தவணையில் ஒரு சிறு பகுதியை நிறுத்தாமல், அடுத்த நீர்க்காப்பு வேலைக்கான தனிச் சேமிப்பாகத் தொடருங்கள். உத்தரவாதம் ஏழு ஆண்டு என்றால் 84 மாதங்கள். இன்றைய 60 பங்கை அதில் வகுத்தால் மாதம் 0.7 பங்கு, அதாவது இப்போது கட்டப்போகும் தவணையில் ஆறில் ஒரு பங்குதான். கூலியும் பொருள் விலையும் ஏறும் என்பதால் ஆண்டுதோறும் அந்தத் தொகையைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள்.